இறங்கும்போதுதான் தெரியும்: ஒரு நாள் மலை நடைக்குக் கிளம்புகிறவர்களுக்கு

வெள்ளகவியில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மணி பார்த்தபோது பிற்பகல் 2.35. அது 2014 ஜனவரி, பொங்கல் விடுமுறை. நான், என் வீட்டுக்காரர், சின்ன நாத்தனார், மூன்றே பேர். கொடைக்கானலில் வட்டக்கானலிலிருந்து நடந்து, வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கி, பெரியகுளத்தில் பஸ் பிடித்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு மதுரை வந்துவிடலாம் என்று திட்டம். முழுக்க இறக்கம்தானே, என்ன பெரிய கஷ்டம் என்று நினைத்திருந்தோம்.

வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. ஊர் எல்லையிலேயே நாங்களும் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டோம். நாத்தனாரின் இரண்டு பெருவிரலும் நாவல்பழ நிறத்துக்கு மாறியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். திண்ணையில் இருந்த ஆத்தாவும் பார்த்தார். "இன்னும் பாதி மலை கெடக்கு தாயி. இந்தக் காலை வச்சுக்கிட்டு எப்பப் போய்ச் சேருவீங்க?" என்றார்.

கும்பக்கரைப் பக்கத்து மாந்தோப்பை எட்டியபோது இரவு 7.50. மூன்று பேருக்கும் ஒரே ஒரு செல்போன் வெளிச்சம், அதில் சார்ஜ் 9 சதவீதம். மூன்று வாரம் கழித்து நாத்தனாருக்கு இரண்டு நகமும் கழன்று விழுந்தன. அதன் பிறகு ஒரு வருடம் அவள் என்னோடு மார்க்கெட்டுக்குக்கூட நடந்து வரவில்லை.

நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். அன்றைக்கு நாங்கள் செய்த தப்பு எனக்குத் தெரிந்த தப்புதான்: செலவை மட்டும் பார்த்தோம், கையிருப்பைப் பார்க்கவில்லை. மலையில் ஏறுவது செலவு. காலில், தண்ணீரில், வெளிச்சத்தில் இறங்குவதற்கென்று மிச்சம் வைத்திருப்பது கையிருப்பு. அதற்குப் பிறகு குடும்பத்தோடு எத்தனையோ மலைக்குப் போய்விட்டோம். இங்கே எழுதுவதெல்லாம் அந்த ஒரு கணக்கைச் சுற்றித்தான்.

முதலில் அனுமதி, அப்புறம் மீதி

2014-இல் எங்களை யாரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. இப்போது அப்படிப் போகக் கூடாது, போகவும் முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் நடைப்பயணம் வந்தவர்கள் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல் சரிவு, மார்ச் மாத வெயில், இறங்கிக்கொண்டிருந்த கூட்டம். புல் சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், மனிதரால் அதைவிட வேகமாக ஏற முடியாது. அதற்குப் பிறகுதான் மலை நடைக்கென்றே தனி விதிகள் வந்தன.

2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று ஆரம்பித்தது. தொடக்கத்தில் 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். இணையத்தில் பணம் கட்டிப் பதிவு செய்தால், அந்தந்த மலைப் பகுதி ஆட்களே வழிகாட்டியாக வருகிறார்கள். கட்டணம் அதிகம் என்று என் வீட்டுக்காரர் இன்னும் முணுமுணுக்கிறார். என் கணக்கு வேறு: வழி தெரிந்த ஒருவர் கூட இருப்பதற்குக் கொடுக்கும் காசு அது. எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பது பருவத்துக்குப் பருவம் மாறும், அதனால் பதிவு செய்கிற அன்றைக்குப் பாருங்கள், போன வருடம் போனவர் சொன்னதை நம்பிக் கிளம்பாதீர்கள். பிப்ரவரி நடுவிலிருந்து தீப் பருவம். அப்போது காட்டுப் பாதைகளை மூடிவிடுவார்கள். அந்த நேரத்தில் "எனக்கு ஒரு ஆள் தெரியும், உள்ளே கூட்டிப் போவார்" என்று யாராவது சொன்னால் குரங்கணியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானலுக்கோ நீலகிரிக்கோ சொந்த வண்டியில் போவதென்றால் இ-பாஸ் வேண்டும். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இந்த நடைமுறை. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. நான் பஸ் கட்சி.

மாதத்தைப் பொறுத்தவரை, பழனி மலைத்தொடரின் கிழக்குச் சரிவுக்கு அக்டோபர், நவம்பரில்தான் நல்ல மழை. அப்போது பாதை வழுக்கும், அட்டை மொய்க்கும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை எனக்குப் பிடித்த காலம். புல் முழுசாகக் காய்ந்திருக்காது, காலையில் வானம் துலக்கமாக இருக்கும், கொடைக்கானலில் பதினொரு மணிக்கு மேல் பள்ளத்திலிருந்து பஞ்சு மாதிரி ஏறி வரும் மூடுபனிக்கு முன் பாதி தூரம் கடந்துவிடலாம்.

மணிக் கணக்கு

1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு சூத்திரம் சொன்னார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இன்றைக்கும் உலகம் முழுக்க மலை நடைக்காரர்கள் இதைத்தான் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அதில் இறக்கத்துக்கு இடமே இல்லை. பிற்பாடு லாங்மியூர் என்பவர்தான் செங்குத்தான இறக்கம் என்றால் 300 மீட்டருக்குப் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளச் சொன்னார்.

எங்கள் வெள்ளகவி நடையை இதில் போட்டுப் பார்த்தேன். செல்போன் காட்டியது 14 கிலோமீட்டர், இறக்கம் சுமார் 1,600 மீட்டர். சூத்திரப்படி மூன்றே முக்கால் மணி நேரம். நாங்கள் கிளம்பியது காலை 9.40, சேர்ந்தது 7.50. உட்கார்ந்த நேரத்தைக் கழித்தாலும் எட்டரை மணி நேர நடை. ஆகவே வாரம் முழுக்க நாற்காலியில் உட்காரும் நம்மைப் போன்றவர்கள் சூத்திரத்தில் வருவதை இரண்டால் பெருக்குங்கள். குழந்தையோ மூட்டு வலிக்காரரோ கூட இருந்தால் அதற்கும் மேல் கொஞ்சம்.

அப்புறம் திரும்பும் நேரம். இதை வீட்டிலேயே தாளில் எழுதிவிட வேண்டும், மலையில் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஜனவரியில் நம் பக்கம் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் மறையும் என்றாலும், மரத்தடியில் ஐந்தரைக்கே கல் எது குழி எது என்று தெரியாது. அதனால் நாலு மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும் என்பது என் விதி. இறங்க மூன்று மணி நேரம் என்று வைத்தால் 1 மணி. எதிர்பாராததற்கு ஒரு மணி நேரம் கழித்தால் 12. அப்படியென்றால் உச்சி கண்ணெதிரே நின்றாலும் 12 மணிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

சொல்வது சுலபம். 2019-இல் பர்வதமலையில் கடப்பாரைப் படிக்குக் கீழே வைத்து என் கைக்கடிகாரம் 12 காட்டியது. மேலே கோவிலுக்கு இன்னும் முக்கால் மணி நேரம்கூட இருக்காது. கூட வந்த ஆறு பேரும் என்னை வில்லி மாதிரி பார்த்தார்கள். "சாமியைப் பார்க்காமல் பாதியில் திரும்புவது வீட்டுக்கு ஆகுமா?" என்றார் மாமியார். திரும்பினோம். இன்றைக்கும் வீட்டில் எது சரியில்லாமல் போனாலும், மிக்ஸி ரிப்பேர் ஆனால்கூட, பர்வதமலைதான் காரணம். ஆனால் அன்றைக்கு நாலேகாலுக்குக் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தோம், எல்லாருக்கும் பத்து நகமும் இருந்தது.

கால்

நாத்தனாரின் ஷூ விஷயத்துக்கு வருகிறேன். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு வாங்கியது. கடையில் போட்டுப் பார்த்தபோது கச்சிதமாக இருந்தது, தப்பே அதுதான். இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் பாதம் முன்னால் சறுக்கி, விரல் நுனி ஷூவின் மூக்கில் முட்டும். 14 கிலோமீட்டர் என்றால் எத்தனை ஆயிரம் முட்டு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷூ வாங்குவதென்றால் சாயங்காலம் போங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் உப்பியிருக்கும். மலைக்குப் போடப்போகிற அதே தடித்த சாக்ஸைப் போட்டுக்கொண்டு, ஷூவை மாட்டி, லேஸ் கட்டாமல் பாதத்தை முன்னால் தள்ளி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். கடையில் படி இருந்தால் இரண்டு படி தட்டென்று இறங்கிப் பாருங்கள். விரல் முட்டினால் அரை அளவு பெரியது கேளுங்கள். அடிப்பகுதி ரப்பரில் பள்ளம் பள்ளமாக இருக்கட்டும், விலை எவ்வளவு என்பது அதற்கு அப்புறம்தான். மலைக்கு முன் குறைந்தது இரண்டு வாரமாவது அதைப் போட்டு நடந்திருக்க வேண்டும். நகத்தை முந்தின நாள் வெட்டாமல் மூன்று நாள் முன்பே வெட்டிவிடுங்கள், சதையை ஒட்டி வெட்டியிருந்தாலும் ஆறிவிடும்.

இறங்க ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து லேஸை மறுபடி கட்டுங்கள். ஏறும்போது தளர்வாக இருக்கலாம். இறங்கும்போது குதிகாலை ஷூவின் பின்பக்கத்தில் நன்றாகத் தட்டி உட்காரவைத்து, கணுக்கால் பக்கத்தில் இருக்கும் கடைசி இரண்டு ஓட்டையை இறுக்கிக் கட்ட வேண்டும். நிறைய ஷூவில் மேலே கூடுதலாக ஒரு ஓட்டை சும்மா இருக்கும். எதற்கென்று யாரும் சொல்வதில்லை. லேஸ் முனையை அதே பக்கத்து ஓட்டையில் நுழைத்துச் சின்ன வளையம் விட்டு, எதிர்ப்பக்க முனையை அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்தால் பாதம் முன்னால் நழுவாது. இந்த ஒரு முடிச்சு தெரிந்திருந்தால் நாத்தனார் என்னைத் திட்டியிருக்க மாட்டாள்.

இறங்குகிற விதமும் இருக்கிறது. முட்டியை விறைப்பாக வைத்துக் குதிகாலால் இடித்து இடித்து இறங்கினால் மூட்டு ஒரு மணி நேரத்தில் அழும். முட்டி லேசாக மடங்கியே இருக்கட்டும். அடி சின்னதாக இருக்கட்டும், ஒரு பெரிய படிக்கு இரண்டு சின்ன அடி. சரிவு அதிகமானால் நேராக இறங்காமல் குறுக்கே கோணல்மாணலாகப் பாதைக்குள்ளேயே வளைந்து வாருங்கள், ஆனால் திருப்பத்தை விட்டுக் குறுக்கு வழியில் பாயாதீர்கள், மண் அரிக்கும். கையில் ஒரு கம்பு வேண்டும். உங்களுக்கு முன் கம்பு இறங்க வேண்டும், அது நின்ற பிறகு கால். சருகு மூடிய கல்லை நம்ப வேண்டாம். வேடிக்கை பார்க்க வேண்டுமா, நின்று பாருங்கள். நடந்துகொண்டே பார்த்தால் விழுவீர்கள்.

பழகிக்கொள்ள மலை தேவையில்லை. எங்கள் அலுவலகம் மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஒரு மாதம் லிஃப்டில் ஏறிப் படியில் இறங்கினேன், எல்லாரும் சிரித்தார்கள். இறங்கும்போது தொடைச் சதை நீண்டுகொண்டே நம் எடையைத் தாங்குகிறது. மறுநாள் உயிர் போகிற வலி வருவது அதனால்தான், பழகப் பழகக் குறைந்துவிடும். மதுரைக்காரர்களுக்குக் கீழக்குயில்குடி சமணமலை இருக்கிறது. விடியற்காலையில் ஏறி, தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலை வழியாக நூபுர கங்கை வரை நடந்து ஏறி இறங்குவது அடுத்த வகுப்பு.

கொல்லிமலை ஆகாய கங்கைக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி முதலில் இறக்கம், குளித்துக் களைத்த பிறகு ஏற்றம். ஈரத் துணியோடு பாதிப் படியில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை அங்கே எப்போது போனாலும் பார்க்கலாம்.

பை, வயிறு, மற்றவை

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். பாதி தீர்ந்தால் திரும்பும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம், மணி எதுவானாலும் சரி. கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, ஸ்டீல் பாட்டிலே கொண்டுபோங்கள். சாப்பாட்டுக்கு நல்லெண்ணெய் தடவிப் பொடி பிரட்டிய இட்லியை அடிக்க ஒன்றும் கிடையாது. சாயங்காலம் வரை கெடாது, நின்றுகொண்டே சாப்பிடலாம், ஸ்பூன் வேண்டாம். தயிர்சாதம் வேண்டாம், தூக்கம் வரும். கடலை மிட்டாய், இரண்டு எலுமிச்சை, உப்பு, ஓ.ஆர்.எஸ். பொட்டலம். ஆளுக்கொரு டார்ச், செல்போன் டார்ச் கணக்கில் சேராது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். பெரியகுளத்தில் வியர்க்கிறது என்று ஸ்வெட்டரை விட்டுப் போகாதீர்கள்.

பெண்கள் கூச்சப்பட்டுக்கொண்டு காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் நடப்பதை நான் நிறையப் பார்க்கிறேன். அதுதான் மயக்கத்துக்கு முதல் காரணம். ஓடையிலிருந்து தள்ளிப் பாறை மறைவு பார்த்து, துணைக்கு ஒருத்தியை நிறுத்திக்கொள்ளுங்கள். புதருக்குள் கம்பால் ஒரு முறை தட்டிவிட்டு உட்காருங்கள். நாப்கின் உட்பட எல்லாம் ஒரு ஜிப் பையில் திரும்பி வர வேண்டும். துப்பட்டா முள்ளில் சிக்கும், வீட்டிலேயே இருக்கட்டும்.

அட்டைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் விட்டு, சாக்ஸ் மேல் வேப்பெண்ணெயும் மூக்குப்பொடியும் கலந்து தடவினால் பெரும்பாலும் ஏறாது. ஏறிவிட்டால் பிய்த்து இழுக்காமல் நகத்தை அதன் வாய்க்கடியில் நுழைத்து வழித்துவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒன்றைச் செலுத்திவிடுவதால் கொஞ்ச நேரம் கசியும், அழுத்திப் பிடித்தால் போதும்.

காட்டுமாடு வேறு விஷயம். கொடைக்கானலில் தெருவிலேயே நிற்பதால் சாது என்று நினைக்கிறார்கள். பாதையில் நின்றால் நில்லுங்கள், அதன் கண்ணைப் பார்க்காமல் மெதுவாகப் பின்வாங்குங்கள், அதற்கும் கன்றுக்கும் நடுவில் மட்டும் போய்விடாதீர்கள். நாங்கள் ஒரு முறை நாற்பது நிமிடம் காத்திருந்தோம். கணக்கில் ஒரு மணி நேரம் கழித்தோமே, அது இதற்குத்தான். ஆவி பறக்கும் யானை லத்தியைப் பார்த்தாலோ கிளை ஒடியும் சத்தம் கேட்டாலோ பேச்சே வேண்டாம், வந்த வழியே திரும்ப வேண்டும்.

கும்பக்கரை மாதிரி இடத்தில் இன்னொன்று. கீழே சுள்ளென்று வெயில் அடிக்கும், மேலே கொடைக்கானலில் மழை கொட்டியிருக்கும். பாம்பாற்றில் அந்தத் தண்ணீர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து சேரும். தெளிந்த ஓடை திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, காலை நனைத்துக்கொண்டிருந்தாலும் எழுந்து மேட்டுக்கு ஏறிவிடுங்கள். பையை அப்புறம் தேடலாம்.

கிளம்பும் முன் வீட்டில் இருக்கும் ஒருவரிடம் ஒரு தாள் கொடுங்கள்: எந்தப் பாதை, யார் யார், எத்தனை மணிக்குக் கீழே வருவோம், எத்தனை மணி வரை போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். எங்கள் வீட்டில் அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவோம். 108 எல்லாருக்கும் தெரியும். அந்தப் பகுதி வனச்சரக அலுவலக எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று போகும்போதே அடிவாரத்து டீக்கடையில் கேட்டுவிடுங்கள், வரும்போது கடை பூட்டியிருக்கும்.

போன ஜனவரியில் நாத்தனார் தானாகவே போன் செய்து, அடுத்த மலை எது என்று கேட்டாள். புது ஷூ வாங்கியிருக்கிறாளாம், டிசம்பரிலேயே, அரை அளவு பெரியதாக. எப்போது திரும்புவோம் என்றும் கேட்டாள். 12 மணி என்றேன். "அதையும் அம்மாகிட்ட இப்பவே சொல்லிருங்க அண்ணி, அப்புறம் மிக்ஸி ரிப்பேர் ஆனா என் தலையில விழும்" என்றாள்.